டச்சு எச்சத்தொடர்கள்: சொல்வரிசையில் தமிழை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தென்றல்84 கேட்டது:

வணக்கம். நெதர்லாந்தின் அரசு மொழித் தேர்வான ஸ்டாட்ஸ்எக்ஸாமன் என்டி2, இரண்டாம் பிரிவுக்குத் தயாராகிறேன். வினைச்சொல்லின் காலங்கள் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. எச்சங்கள் வரும் வாக்கியங்களில்தான் சிக்கல். மூன்று கேள்விகள்.

படிக்க வசதியாக டச்சு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மெல்லொலிக்குத் தகரம் (தெ, தோர், தாட்), வல்லொலிக்கு டகரம் (டெ, ஹெட்), தொண்டையிலிருந்து வரும் ஒலிக்கு ஹகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வாடகைக் கடிதங்களில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறது:

'ஹெட் இன் தெ தோர் யூ ஒந்தர்டேகெந்தெ ஹூரோவெரேன்கொம்ஸ்ட் ஹெநூம்தெ பெத்ராஹ் தீன்ட் ஃபோர் தெ ஏர்ஸ்டெ ஃபான் தெ மான்ட் டெ ஸெய்ன் பெடால்ட்.'

தொடக்கத்திலேயே ஹெட், இன், தெ, தோர் என்று நான்கு சின்னச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. எது எதோடு சேரும் என்றே பிடிபடவில்லை.

இரண்டாவது, நான் எழுதுவது. 'கடித்த நாய்' என்பதற்கு 'தெ ஹெபேடன் ஹொன்ட்' என்றும், 'சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்' என்பதற்கு 'லாஹென்ட் ஹெய் க்வாம் பின்னன்' என்றும் எழுதினேன். இரண்டுமே தப்பு என்று திரும்பி வந்தன. ஏன் தப்பு?

மூன்றாவது, 'நான் ஒரு சைக்கிள் வாங்கியிருப்பதால்' என்பதற்கு ஒரு புத்தகத்தில் 'ஒம்தாட் இக் அன் ஃபீட்ஸ் ஹெப் ஹெகொஹ்ட்' என்றும் இன்னொன்றில் '...அன் ஃபீட்ஸ் ஹெகொஹ்ட் ஹெப்' என்றும் இருக்கிறது. எது சரி?

எழுத்தாணி எழுதியது:

முதல் கேள்விக்கும் அந்த நாய்க்கும் நான் பதில் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வாடகை வாக்கியம் ஆங்கிலம் வழியாக டச்சு படிப்பவர்களுக்குத்தான் பூதம். தமிழில் யோசித்தால் அது வெறும் பெயரெச்சம். அர்த்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: 'நீங்கள் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தில் குறிப்பிட்டிருக்கும் தொகையை மாதத்தின் முதல் தேதிக்கு முன் செலுத்தியிருக்க வேண்டும்.' சொல்வரிசையைக் கவனியுங்கள். 'யூ ஒந்தர்டேகெந்தெ ஹூரோவெரேன்கொம்ஸ்ட்' என்பது 'நீங்கள் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம்'. 'ஹெநூம்தெ பெத்ராஹ்' என்பது 'குறிப்பிட்ட தொகை'. எச்சம் முன்னால், பெயர் பின்னால். எச்சத்துக்கு உரிய விவரமெல்லாம் எச்சத்துக்கும் முன்னால். அப்படியே நம் ஊர் வரிசை.

குழப்புவது அந்தச் சின்னச் சொற்கள்தான். பிரிப்பது இப்படி. ஆர்ட்டிகிளுக்கு (தெ, ஹெட், அன்) அடுத்ததாகப் பெயரோ பெயரடையோ வராமல் இன், தோர், ஓப், ஃபான் மாதிரி முன்னுருபு வந்தால் அங்கேயே நில்லுங்கள். ஒரு அடைப்புக்குறி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆர்ட்டிகிளுக்கு உரிய பெயர் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் வரும்போதுதான் அடைப்பு மூடும். இங்கே இரண்டு அடைப்பு:

[ஹெட் இன் [தெ தோர் யூ ஒந்தர்டேகெந்தெ ஹூரோவெரேன்கொம்ஸ்ட்] ஹெநூம்தெ பெத்ராஹ்]

கடைசியாகத் திறந்தது முதலில் மூடும். 'தெ' என்ற ஆர்ட்டிகிளுக்குப் பெயர் ஹூரோவெரேன்கொம்ஸ்ட், அது தெ வகைச் சொல். 'ஹெட்' என்பதற்குப் பெயர் பெத்ராஹ், அது ஹெட் வகைச் சொல். வகை பொருந்துகிறதா என்று பார்ப்பதே சரிபார்க்கும் வழி. எந்தச் சொல் எந்த வகை என்று மனப்பாடம் செய்தது வீண்போகாத இடம் இதுதான். எச்சம் பெரும்பாலும் பெயரை ஒட்டியே நிற்கும். நடுவே ஒரு பெயரடை வரலாம்: 'ஹெப்லான்டெ யொங்ஹெ போமன்', நட்ட இளமரங்கள்.

வரிசையில் தமிழோடு மாறுவது ஒன்றே ஒன்று. நமக்கு வேற்றுமை உருபு பின்னால் ஒட்டும், அவர்களுக்கு முன்னுருபு முன்னால் நிற்கும். 'ஒப்பந்தத்தில்' என்பதன் 'இல்' அங்கே 'இன்' என்று ஒப்பந்தத்தின் தலைப்பக்கம் போய்விட்டது. அந்த 'இன்'னைக் கையில் பிடித்துக்கொண்டு, உள் அடைப்பு மூடியதும் அதன் வாலில் ஒட்டுங்கள். மற்றபடி இடமிருந்து வலமாகத் தமிழாகவே படித்துக்கொண்டு போகலாம்.

நீளமான ஒன்றிலும் இதைச் சோதித்துப் பாருங்கள்:

'தெ ஃபோரிஹ் யார் தோர் தெ ஹெமேன்டெ இன் தெ கெர்க்ஸ்ட்ராட் ஹெப்லான்டெ போமன்'
போன வருடம் நகராட்சி கெர்க்ஸ்ட்ராட்டில் நட்ட மரங்கள்.

காலம், செய்தவர், இடம், எச்சம், பெயர். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. இதையே பேச்சில் சொல்லும்போது டச்சுக்காரர் பெயரை முன்னால் போட்டுவிட்டு, 'தீ' என்ற இணைப்புச் சொல்லைச் சேர்த்து விரிப்பார்: 'தெ போமன் தீ தெ ஹெமேன்டெ ஃபோரிஹ் யார் இன் தெ கெர்க்ஸ்ட்ராட் ஹேஃப்ட் ஹெப்லான்ட்'. அடுக்கிய எச்சம் கடிதத்துக்கும் செய்திக்கும் சட்டத்துக்கும் உரியது. காபி குடித்துக்கொண்டு பேசும்போது அதை அடுக்கினால் அறிக்கை வாசிப்பது போல இருக்கும். ஆகவே படிக்கக் கட்டாயம் தெரிய வேண்டும். எழுத, இரண்டு மூன்று சொல் அளவுக்கு மேல் அடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த முழு அடுக்கும் வாக்கியத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் பிடிக்கும். டச்சு முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடம் என்று படித்திருப்பீர்கள். அது இரண்டாவது சொல் அல்ல, இரண்டாவது தொகுதி. 'தெ இன் 1932 ஃபொல்டோய்தெ, 32 கிலோமேட்டர் லாங்ஹெ ஆஃப்ஸ்லௌட்தெய்க் ஸ்ஹெய்ட் ஹெட் ஐசல்மேர் ஃபான் தெ வாடன்ஸே.' 1932ல் கட்டிமுடித்த, 32 கிலோமீட்டர் நீள ஆஃப்ஸ்லௌட்தெய்க் அணை ஐசல்மேர் ஏரியை வாடன் கடலிலிருந்து பிரிக்கிறது. 'ஸ்ஹெய்ட்' என்ற வினைக்கு முன்னால் எட்டுச் சொல் கிடக்கிறது. இருந்தாலும் வினை நிற்பது இரண்டாம் இடத்தில்தான்.

இனி நாய். இங்கேதான் தமிழ் நம் காலை வாரிவிடுகிறது.

தமிழ்ப் பெயரெச்சம் யாரையும் சேர்த்துக்கொள்ளும். சமைத்த அம்மா, சமைத்த சோறு, சமைத்த பாத்திரம், சமைத்த வீடு என்று எல்லாம் சொல்கிறோம். செய்தவர், செய்யப்பட்டது, கருவி, இடம் என எந்த உறவு என்பதைக் கேட்பவர் ஊகித்துக்கொள்கிறார். டச்சின் இறந்தகால எச்சம் அப்படி விடாது. செயப்படுபொருள் உள்ள வினையாக இருந்தால் எச்சம் தழுவுவது செயப்படுபொருளை மட்டும். 'தெ ஹெகோக்டெ ரெய்ஸ்ட்', சமைத்த சோறு, சரி. அம்மாவைப் போட்டால் அம்மாவையே வேகவைத்ததாக அர்த்தம் வரும். பாத்திரத்துக்கு 'தெ பான் வாரின் ஹெகோக்ட் இஸ்' என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

அதனால் 'தெ ஹெபேடன் ஹொன்ட்' என்றால் கடித்த நாய் அல்ல, கடிபட்ட நாய். போதாததற்கு அது டச்சில் ஒரு மரபுத்தொடரும் கூட: எல்லாப் பழியும் யார் தலையில் விழுகிறதோ அவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். கடித்த நாய்க்கு 'தெ ஹொன்ட் தீ ஹெம் ஹேஃப்ட் ஹெபேடன்' (அவனைக் கடித்த நாய்). இப்போது கடித்துக்கொண்டிருக்கும் நாய், அல்லது கடிக்கும் குணமுள்ள நாய் என்றால் 'தெ பெய்டெந்தெ ஹொன்ட்'. வினையின் மூல வடிவத்தோடு 'த்' சேர்ந்த இந்த நிகழ்கால எச்சம் எப்போதும் செய்பவரைத்தான் தழுவும்.

செயப்படுபொருள் இல்லாத வினைகளுக்கு ஒரு சோதனை உண்டு. அந்த வினை முற்றுக் காலத்தில் 'ஸெய்ன்' துணைவினையை எடுக்கிறதா, 'ஹெபன்' எடுக்கிறதா என்று பாருங்கள். 'தெ ட்ரெய்ன் இஸ் ஃபெர்ட்ரொக்கன்', இது ஸெய்ன் ('இஸ்' அதன் வடிவம்). ஆகவே 'தெ ஃபெர்ட்ரொக்கன் ட்ரெய்ன்' (புறப்பட்டுவிட்ட ரயில்) சரி. 'தெ மான் ஹேஃப்ட் ஹெவெர்க்ட்', இது ஹெபன் ('ஹேஃப்ட்' அதன் வடிவம்). ஆகவே 'தெ ஹெவெர்க்டெ மான்' என்று சொல்லவே முடியாது. இரவு முழுக்க உழைத்த மனிதர் 'தெ மான் தீ தெ ஹேலெ நாஹ்ட் ஹேஃப்ட் ஹெவெர்க்ட்' ஆவார்.

இன்னொரு வேற்றுமை. தமிழில் 'பாட்டி சுட்ட கேக்' என்று எழுவாயை அப்படியே எச்சத்துக்கு முன் வைக்கிறோம். டச்சில் செய்தவருக்குத் 'தோர்' கட்டாயம்: 'தெ தோர் மெய்ன் ஓமா ஹெபாக்கன் டார்ட்'. 'தோர்' விட்டுப்போனால் வாக்கியமே நிற்காது.

ஈற்று எகரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'அன்' என்று முடியும் எச்சங்கள் (ஹெபாக்கன், ஹெபேடன், ஃபெர்ட்ரொக்கன்) எதையும் ஏற்காது. மற்றவை எகரம் ஏற்கும். 'அன்' ஆர்ட்டிகிளோடு ஒருமையில் வரும் ஹெட் வகைச் சொல்லுக்கு முன் மட்டும் ஏற்காது. 'அன் தோர் யூ ஒந்தர்டேகென்ட் கொன்ட்ராக்ட்', ஆனால் 'அன் தோர் யூ ஒந்தர்டேகெந்தெ ஓவெரேன்கொம்ஸ்ட்'. தனியாக நிற்கும்போது ட் என்று ஒலித்தது, எகரம் சேர்ந்ததும் தகரமாகத் திரும்புவதைக் கவனியுங்கள். எது தகரம், எது டகரம் என்பதற்கு 'எட் கொஃப்ஸ்ஹிப்' என்ற பழைய கப்பல் பெயரைத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வினையின் மூல வடிவத்தில் ஈற்று 'அன்' போக மிஞ்சுவது அந்தப் பெயரிலுள்ள ட, க, ஃப, ஸ, ஹ, ப மெய்களில் ஒன்றில் முடிந்தால் டகரம்: ஹெமாக்டெ. இல்லையென்றால் தகரம்.

கந்தோர்க்காரி எழுதியது:

எழுத்தாணி அண்ணை பெயரெச்சத்தை வடிவா விளங்கப்படுத்திப் போட்டார். நான் வினையெச்சப் பக்கத்தைச் சொல்லுறன்.

'லாஹென்ட் ஹெய் க்வாம் பின்னன்' ஏன் பிழை எண்டால், லாஹென்ட் முதலாம் இடத்தைப் பிடிச்சிட்டுது. அடுத்தது வினை வந்தே ஆகவேணும், எழுவாய் அதுக்குப் பின்னால போகும்: 'லாஹென்ட் க்வாம் ஹெய் பின்னன்'. 'ஹெய் க்வாம் லாஹென்ட் பின்னன்' எண்டும் எழுதலாம், அதுவும் சரி. எச்சத்தொடர் நீளமா இருந்து பின்னால கொமா போட்டாலும் வினைதான் முதல்ல. கொமாவைக் கண்டவுடன எழுவாயைத் தூக்கி வைக்கிறதுதான் கூடுதலா நடக்கிற பிழை. 'டௌஸ்ஹெகோமன் ஸெட்டெ ஸெ கொஃபி', வீட்டுக்கு வந்து கோப்பி போட்டாள்.

ரெண்டாவது பொறி எழுவாய். டச்சில இந்த மாதிரி எழுவாய் இல்லாத குறுக்கத் தொடருக்கு 'பெக்னொப்டெ பெய்ஸின்' எண்டு பேர். அதில மறைஞ்சிருக்கிற ஆளும் முதன்மை வாக்கியத்தின்ர எழுவாயும் ஒண்டாத்தான் இருக்கவேணும். 'ஃபீட்ஸென்ட் தோர் ஹெட் பார்க் பெஹொன் ஹெட் டெ ரேஹெனன்' எண்டு எழுதினால், பூங்காவுக்குள்ளால சைக்கிள் ஓடினது மழை எண்டு வரும். தமிழில 'வீட்டுக்கு வந்து மழை பெஞ்சுது' எண்டு நாங்கள் சொல்லமாட்டம்தானே, 'வந்ததும் மழை பெஞ்சுது' எண்டுதானே சொல்லுவம். அதே உணர்ச்சியைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. ஆள் மாறினால் டச்சில 'டூன்' (போது) போட்டு எழுவாயை வெளியில கொண்டுவாங்கோ: 'டூன் வெ தோர் ஹெட் பார்க் ஃபீட்ஸ்டன், பெஹொன் ஹெட் டெ ரேஹெனன்'.

மூண்டாவது, 'சாப்பிட்டுவிட்டு' எண்டதுக்கு 'ஹெஹேடன்' எண்டு தொடங்க ஏலாது. 'டௌஸ்ஹெகோமன்' தனிய நிக்கும், ஏனெண்டால் கோமன் 'ஸெய்ன்' எடுக்கிற வினை. ஏடன் 'ஹெபன்' எடுக்கும். அதுக்கு 'நா ஹெஹேடன் டெ ஹெபன் ஹிங் ஹெய் நார் பெட்' எண்டு முழுசா எழுதவேணும். சொல்லப்போனால் ஆக்கள் 'நா ஹெட் ஏடன் ஹிங் ஹெய் நார் பெட்' எண்டுதான் கதைக்கிறவை, சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போனான். சோதினையிலயும் இது தாராளமாப் போதும்.

எங்கட வினையெச்சங்களுக்கு அங்க என்ன வரும் எண்டு ஒரு கணக்கு வைச்சிருந்தால் சுகம். செய்துகொண்டே: நிகழ்கால எச்சம், லாஹென்ட் மாதிரி. செய்துவிட்டு: 'நா ... டெ ஹெபன்' அல்லது 'டெ ஸெய்ன்'. செய்யாமல்: 'ஸொந்தர் ... டெ'. செய்வதற்கு: 'ஒம் ... டெ'. செய்வதன்மூலம்: 'தோர் ... டெ'. இதில எல்லாத்திலயும் 'டெ' வினையோட ஒட்டித்தான் நிக்கும், மிச்சமெல்லாம் அதுக்கு முன்னால. 'ஸொந்தர் இட்ஸ் டெ ஸெஹன் லீப் ஸெ வெஹ்': ஒண்டும் சொல்லாமல் போட்டாள். பாருங்கோ, இஞ்சையும் தொடர் முடிஞ்ச கையோட வினை, பிறகுதான் 'ஸெ'.

இன்னொண்டு. 'படிச்சுக்கொண்டிருக்கிறன்' எண்டதை 'இக் பென் லேஸென்ட்' எண்டு எழுதாதேங்கோ. ஆங்கிலத்தைப் பாத்து வாற பிழை அது. 'இக் பென் ஆன் ஹெட் லேஸன்' அல்லது 'இக் ஸிட் டெ லேஸன்'. ரெண்டாவதில 'ஸிட்' எண்டால் இருக்கிறது, உக்காந்திருக்கிறது. நாங்கள் 'கொண்டிரு' எண்டு இருத்தலைச் சேர்க்கிறம், அவை உடம்பு எப்பிடி இருக்குது எண்டதைச் சேர்க்கினம்: இருந்தால் ஸிட், நிண்டால் ஸ்டாட், படுத்திருந்தால் லிஹ்ட், நடந்துகொண்டெண்டால் லோப்ட்.

வாய்க்கால் எழுதியது:

மூன்றாம் கேள்விக்கு: இரண்டுமே சரி. துணைவினை முன்னால் வரும் 'ஹெப் ஹெகொஹ்ட்' சிவப்பு வரிசை, எச்சம் முன்னால் வரும் 'ஹெகொஹ்ட் ஹெப்' பச்சை வரிசை. 1953ல் வெளிவந்த வட்டார வழக்கு ஆய்வொன்றின் வரைபடங்களில் பூசிய நிறங்களிலிருந்து இந்தப் பெயர்கள் வந்தன. எழுத்தில் சிவப்பு அதிகம், பேச்சில் பச்சை அதிகம். பச்சை வரிசை நம் 'வாங்கியிருக்கிறேன்' போலவே இருப்பதால் நமக்குத் தானாக வரும். தேர்வில் எதை எழுதினாலும் மதிப்பெண் குறையாது.

ஆனால் ஒரு இடத்தில் தேர்வுரிமை இல்லை. எச்சம் நிகழ்ச்சியைச் சொல்லாமல் நிலையைச் சொன்னால் அது பெயரடை ஆகிவிடுகிறது. அப்போது பச்சை மட்டும்தான். 'ஒம்தாட் ஸெ ஆல் டீன் யார் ஹெட்ரௌட் ஸெய்ன்', பத்து வருடமாக மணவாழ்வில் இருக்கிறார்கள். இதில் 'ஸெய்ன் ஹெட்ரௌட்' என்று திருப்ப முடியாது. 'ஒம்தாட் ஸெ ஃபோரிஹ் யார் ஸெய்ன் ஹெட்ரௌட்', போன வருடம் கல்யாணம் ஆனது. இது நிகழ்ச்சி, எப்படியும் வைக்கலாம். 'பத்து வருடமாக' என்ற அளவு நிலையைக் காட்டும், 'போன வருடம்' என்ற புள்ளி நிகழ்ச்சியைக் காட்டும். சந்தேகம் வந்தால் பச்சை எழுதுங்கள், ஒருபோதும் தவறாகாது.

மூன்று வினை சேர்ந்தால் எச்சம் முதலிலோ கடைசியிலோ நிற்கும்: 'தாட் ஹெய் ஹெட் பூக் ஹெலேஸன் மூட் ஹெபன்' அல்லது 'மூட் ஹெபன் ஹெலேஸன்' (அவன் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்று). நடுவில் வைப்பது பெல்ஜியத்து வழக்கு. 'விரும்பு, முடி' போன்ற துணைவினைகளோடு இன்னொரு வினை சேரும்போது எச்சமே மறைந்து மூல வடிவம் வந்துவிடும். 'இக் ஹெப் அன் ஃபீட்ஸ் வில்லன் கோபன்' (சைக்கிள் வாங்க விரும்பினேன்) என்பதே சரி. 'வில்லன்' (விரும்பு) இருக்கும் இடத்தில் அதன் எச்சமான 'ஹெவில்ட்' வராது.

எச்சத்தைப் பெயருக்குப் பின்னால் வைக்கும் வழியும் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. 'தெ இன் 1927 இன் உட்ரெஹ்ட் ஹெபோரன் டேகெனார் டிக் புரூனா' என்றால் முன்னால் வந்த எச்சம்: 1927ல் உட்ரெஹ்ட்டில் பிறந்த ஓவியர் டிக் புரூனா, அதாவது நெய்ன்ட்யெ என்ற முயலை வரைந்தவர். 'டிக் புரூனா, ஹெபோரன் இன் உட்ரெஹ்ட், ...' என்றால் பின்னால் வந்தது, இருபக்கமும் கொமா. பின்னால் வரும்போது இடம், காலம் எல்லாம் எச்சத்துக்குப் பிறகும் வரலாம், ஈற்று எகரமும் சேராது. முன்னால் வரும்போது 'தெ ஹெபோரன் இன் உட்ரெஹ்ட் டேகெனார்' என்று வைக்கவே முடியாது. பெயருக்கு முன்னால் எச்சம்தான் தொடரின் கடைசி.

கந்தோர்க்காரி அக்கா, ஒரு சிறு திருத்தம். தமிழில் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று எழுவாய் மாறியும் 'செய்து' எச்சம் வருகிறதே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமானால் தமிழ் அனுமதிக்கிறது. இதை நம்பி டச்சில் எழுதினால் மாட்டிக்கொள்வார்கள்.

கந்தோர்க்காரி எழுதியது:

மெத்தச் சரி, நான் அதைச் சொல்லாமல் விட்டிட்டன். குளம் நிறைஞ்ச வாக்கியத்துக்கு டச்சில 'தோர்தாட்' (அதனால்) போட்டு ரெண்டு எழுவாயையும் வெளியில வைக்கவேணும். காரணம் எண்டாலும் விலக்கில்லை.

தென்றல்84 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வாடகை வாக்கியம் இப்போது ஒரே மூச்சில் புரிகிறது. நீங்கள் சொன்னதை வைத்து நான்கு எழுதிப் பார்த்தேன், திருத்திக் கொடுங்கள்.

1. நேற்று வாங்கிய ஒரு சைக்கிள்: 'அன் ஹிஸ்டெரென் ஹெகொஹ்ட் ஃபீட்ஸ்'
2. நேற்று அழுத குழந்தை: 'ஹெட் ஹிஸ்டெரென் ஹெஹௌல்தெ கின்ட்'
3. அலுவலகத்தில் விட்டுவந்த பாஸ்போர்ட்: 'ஹெட் ஓப் கான்டோர் ஆஹ்டர்ஹெலாடனெ பாஸ்போர்ட்'
4. செலுத்த வேண்டிய கட்டணம்: 'தெ டெ பெடால்தெ கொஸ்டன்'

கந்தோர்க்காரி எழுதியது:

மூண்டாவதை நான் எடுக்கிறன், அது என்ர சொல். கான்டோர் எண்டதுதான் யாழ்ப்பாணத்தில கந்தோர். ஒல்லாந்தர் விட்டிட்டுப் போனது. வரிசை எல்லாம் சரி. 'ஆஹ்டர்ஹெலாடன்' அன் எண்டு முடியுது, கடைசி எகரத்தை வெட்டுங்கோ: 'ஹெட் ஓப் கான்டோர் ஆஹ்டர்ஹெலாடன் பாஸ்போர்ட்'. 'ஆஹ்டர்' பிரியிற முன்னொட்டு எண்டபடியால் 'ஹெ' நடுவில வந்திருக்குது. அதைச் சரியாப் பிடிச்சிருக்கிறியள்.

எழுத்தாணி எழுதியது:

முதலாவது: ஃபீட்ஸ் தெ வகைச் சொல். 'அன்' வந்தாலும் எகரம் வேண்டும்: 'அன் ஹிஸ்டெரென் ஹெகொஹ்டெ ஃபீட்ஸ்'. எகரம் விடுபடுவது ஹெட் வகைக்கு மட்டும். 'அன் ஹிஸ்டெரென் ஹெகொஹ்ட் பூக்' என்று புத்தகத்தை வைத்திருந்தால் நீங்கள் எழுதியதே சரி.

இரண்டாவது: எகரம் சரி, எச்சமே தப்பு. அழுவது 'ஹெபன்' எடுக்கும் வினை, உழைத்த மனிதரைப் போல. 'ஹெட் கின்ட் தாட் ஹிஸ்டெரென் ஹேஃப்ட் ஹெஹௌல்ட்' என்று விரிக்க வேண்டும். குழந்தை ஹெட் வகை என்பதால் இங்கே 'தீ' அல்ல, 'தாட்'. இப்போது அழுதுகொண்டிருக்கும் குழந்தை என்றால் 'ஹெட் ஹௌலெந்தெ கின்ட்' என்று சுருக்கலாம்.

நான்காவதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பணம் சம்பந்தப்பட்டது. 'வேண்டிய' என்பதற்கு 'டெ' போட்டது சரி. ஆனால் அதற்கு அடுத்து மூல வடிவம்தான் வரும், எச்சம் வராது, எகரமும் சேராது: 'தெ டெ பெடாலன் கொஸ்டன்'. 'தெ பெடால்தெ கொஸ்டன்' என்றால் கட்டியாகிவிட்ட கட்டணம். ஒரே கடிதத்தில் 'ஹெட் ஆல் பெடால்தெ பெத்ராஹ்' (ஏற்கெனவே கட்டியது), 'ஹெட் நொஹ் டெ பெடாலன் பெத்ராஹ்' (இன்னும் கட்ட வேண்டியது) இரண்டும் அடுத்தடுத்து வரும். கூடவே 'ஹெட் டெ ஃபேல் பெடால்தெ பெத்ராஹ் வொர்ட் டெருஹ்ஹெஸ்டோர்ட்' என்று ஒரு வரியும் வரலாம். அதிலும் 'டெ' இருக்கிறதே என்று கட்ட வேண்டிய தொகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 'டெ' வினையை ஒட்டவில்லை, 'ஃபேல்' என்பதை ஒட்டியிருக்கிறது. 'டெ ஃபேல்' என்றால் அளவுக்கு மேல். நீங்கள் கூடுதலாகக் கட்டிய தொகை உங்கள் கணக்குக்குத் திரும்பி வருகிறது என்கிறது அந்த வரி.